பருவு போச்சு

1

நைனாவின் முதல் வருஷத் திதியை வீடியோ காலில் கொடுத்தேன். ஐயர் திருப்பதியில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நெதர்லாந்தில், ரோட்டர்டாமுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மூன்றாவது மாடி வீட்டின் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எள் துருக்கிக்காரர் கடையில் வாங்கியது. தர்ப்பை இல்லையே என்றதற்கு, "மனசுல நினைச்சுக்கோங்கோ" என்றார். போனை அலமாரிக் கதவில் சாய்த்து வைத்திருந்தேன். பாதி மந்திரத்தில் நிறுத்தி, "சார், கேமராவைச் சித்த மேல தூக்குங்கோ. வயிறு மட்டுந்தான் தெரியறது" என்றார்.

அக்கா சிரித்தாள். இந்தப் பக்கம் என் மகள் மீரா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். முடிந்ததும் எள்ளையும் தண்ணீரையும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். கறுப்பு எள் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. அதை விரலால் வழித்து எடுத்தபோது எனக்கு என் மீதே வெறுப்பாக இருந்தது.

வயிற்றுக்காக அல்ல. வயிற்றைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தாங்க நாற்பத்து நான்கு வருஷப் பழக்கம் இருக்கிறது. நைனாவுக்கு நான் ஐந்து சொல்லில் ஒரு செய்தி அனுப்பினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினால் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

2

என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. இந்த எடையோடு நான் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன். சந்தைக்குப் போய் வருகிற ஓட்டம் இல்லை. விடியும் முன் கிளம்பி, இருநூறு கிலோமீட்டர் போய், வழியில் நாலைந்து இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். இங்கே அதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதில் என்னைத் தவிர எல்லோரும் முருங்கைக்காய்கள்.

இந்த விளையாட்டில் என்னை மாதிரி ஆளுக்கு அழகான விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. நல்ல சக்கரங்களின் பெட்டியில் பொடி எழுத்தில் ஓர் எடை வரம்பு போட்டிருக்கும். நான் அதைத் தாண்டிப் பத்து வருஷம் ஆகிறது. பின்சக்கரத்தில் இருபது கம்பி போதும் என்பார்கள். எனக்கு முப்பத்தாறு, அதிலும் மாதம் ஒன்று அறுந்துபோகும். உள்தொடைகள் உரசிப் புண்ணாகாமல் இருக்க வாஸ்லைனை அப்பிக்கொண்டு, தோலோடு ஒட்டுகிற கறுப்புக் கால்சட்டையில் உடம்பைத் திணிக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் கட்டு விட்ட பஞ்சு மூட்டை ஒன்று நிற்கும். மேட்டில் எல்லோரும் என்னைத் தாண்டுவார்கள். தாண்டும்போது, "நல்லா ஓட்டுறீங்க" என்பார்கள். மற்ற யாரிடமும் அதைச் சொல்வதில்லை. அந்தக் கருணை எனக்கு அறவே பிடிக்காது.

முதல் வருஷம் ஒரு முத்திரை இடத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் என்னைப் பார்த்து, "ஸ்வார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த டச்சில் 'ஸ்வார்' என்றால் கனம். காலை ஏழு மணிக்கு முன்பின் தெரியாதவள் என் கனத்தைக் கேட்கிறாளே என்று வெறுத்துப்போய், "நூற்றுப் பதினெட்டு கிலோ. போதுமா?" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. 'கஷ்டமா இருந்ததா' என்று கேட்பதற்கும் இங்கே அதே சொல்தான் என்று பிறகு ஒருவர் விளக்கினார். மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போனேன். அவள் அதற்குள் மேஜையை மடித்துக்கொண்டு போயிருந்தாள்.

ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு மனுஷியின் முகத்தைச் சிவக்க வைத்தவன், அதற்குப் பிறகாவது பாடம் படித்திருக்க வேண்டும்.

3

நைனாவும் கனமானவர்தான். பெயர் முனிரத்தினம். இங்கே அந்தப் பெயரில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்தாக நிற்கும் அப்பா, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகி, அரசு அலுவலக கவுண்டர்களில் நானே ஆகிவிட்டார். "மிஸ்டர் முனிரத்தினம், ஆறாம் எண்" என்றால் நான் எழுந்து போவேன். பதினேழு வருஷமாக அவர் பெயருக்கு நான் எழுந்து நிற்கிறேன்.

சித்தூருக்கு வெளியே, மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும் சாலையில், ஒரு வேபிரிட்ஜ் இருக்கிறது. லாரியை அப்படியே ஏற்றி எடை பார்க்கும் மேடை. நைனா அங்கே முப்பது வருஷம் ஆபரேட்டர். மாங்காய் சீசனில் இரவு பகலாக லாரிகள் நிற்கும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தமிழ் டிரைவரிடம் தமிழிலும் தெலுங்கு டிரைவரிடம் தெலுங்கிலும் ஒரே தொண்டையில் கத்துவார். அந்தச் சத்தத்தில் காது போயிற்று. அதனால் போனில் அவரோடு பேச முடியாது. சித்தூரில் தமிழ் மீடியம் படித்தவர் என்பதால் அக்கா மகள் அவர் போனில் தமிழ் எழுத்துகளைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் ஒற்றை விரலால் தட்டி எப்போதாவது எனக்கு எழுதுவார். 'மழை.' 'கரண்டு இல்ல.' 'மீரா உயரம் எவ்ளோ.' அவ்வளவுதான். ரசீதில் எழுதுகிற மாதிரியே எழுதுவார்.

அவரை எல்லோரும் கேலி செய்தார்கள். லாரி ஏறும்போது ஆபரேட்டர் இறங்கி நின்றால் எடை சரியாக வரும் என்று ஒரு ஜோக். கல்யாண வீட்டில் அவர் உட்காரப் போனால் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் குண்டு. அம்மாவும் அக்காவும் ஒல்லி. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. நைனா சித்தூர் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

4

நைனா இறப்பதற்கு முந்தின வருஷம் ஜூன் மாதம் நான் ஓர் இருநூறு கிலோமீட்டரை நேரத்துக்குள் முடித்தேன். முடிவுக் கோட்டைத் தொட்ட இடத்தில் யாரோ எடுத்த போட்டோவை என் மனைவி பெருமையாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். தோலோடு ஒட்டின சட்டை, மூன்று மடிப்பு வயிறு, வாய் பிளந்து நிற்கும் நான்.

ஊரில் அப்போது காலை. சித்தப்பா மகன் யானை பொம்மை ஒன்றைப் போட்டான். இன்னொருவர் டயர் வெடிக்கும் படம். நகரியில் இருக்கும் ஒரு மாமா மட்டும் எழுத்தில் எழுதினார்: 'இந்த வயசுல ஜட்டி மாதிரி போட்டுக்கினு ரோட்ல. முனிரத்தினம் வீட்டு பருவு போச்சு.'

பருவு என்றால் எங்கள் பக்கம் மானம். தெலுங்குச் சொல், ஆனால் வீட்டுத் தமிழில் கலந்து நாளாயிற்று. பெண் காதல் கல்யாணம் செய்தாலும் பருவு போகும், பையன் பத்தாவதில் ஃபெயிலானாலும் பருவு போகும். சிறுவயதில் தினம் நாலு தடவையாவது அது போகக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை நைனாவிடமிருந்து செய்தி வந்தது.

'பருவு போச்சுடா. ஒரு தபா வந்து பாத்துட்டு போ.'

ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். நீயுமா என்று இருந்தது. இரண்டு நாற்காலி போட்டபோது சிரித்துக்கொண்டே உட்கார்ந்த மனுஷன், என் சைக்கிளைப் பார்த்து மானம் போச்சு என்கிறார். தலைகுனிந்து நிற்கிறேன், நேரில் வந்து பார் என்கிறார். எனக்கு அருவருப்பாக இருந்தது. இறங்குவதற்குள் எழுதி அனுப்பினேன்.

'உன் பருவ நீயே பத்திரமா வச்சிக்கோ.'

கொஞ்ச நேரம் கழித்து, 'சரிப்பா' என்று வந்தது. வேறு ஒன்றும் இல்லை. அந்த 'சரிப்பா'வைப் படித்து, நல்லா உறைத்திருக்கிறது என்று நான் திருப்திப்பட்டேன். இந்தக் குறிப்புகளில் என்னால் கூச்சமில்லாமல் எழுத முடியாத வாக்கியம் அதுதான்.

5

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. அக்கா போன் செய்து, "நைனா" என்று ஆரம்பித்தால், "அவர் பேச்ச எடுக்காதக்கா" என்று வெட்டிவிடுவேன். இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு அவளும் விட்டுவிட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்குப் போகாததற்கு என்னிடம் நல்ல காரணம் இருந்தது. வசிப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கை விரல் ரேகை சரியாகப் பதியவில்லை என்று ஒரு கடிதம், போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு கடிதம். பெயரில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று கேட்டு மூன்றாவது கடிதம். அட்டை கையில் இல்லாமல் நாட்டைவிட்டுப் போக முடியாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். போய்த் திரும்புவதற்கு பாஸ்போர்ட்டில் ஒரு தாள் ஒட்டித் தருவார்கள் என்று கவுண்டரில் இருந்த பெண்ணே சொன்னாள். வேண்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டியவன் நான்.

அந்த நாட்களில் ஒரு மாலை, சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன் அப்படியே மீராவின் பள்ளி வாசலில் போய் நின்றேன். அவளுக்குப் பதினான்கு வயது. தோழிகளை விட்டு வேகமாக வந்து, டச்சுத் தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, இந்த ட்ரெஸ்ல கேட் வரைக்கும் வராதீங்க ப்ளீஸ். கார்னர்ல நில்லுங்க, நான் வரேன்."

மூலையில் போய் நின்றேன். நியாயமாகப் பார்த்தால் அவள் பருவையும் அவளே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மகளுக்கு ஒரு சட்டம், நைனாவுக்கு ஒரு சட்டம்.

6

பிப்ரவரியில் அட்டை வந்தது. ஊருக்குக் கிளம்பினேன். பாசத்தில் இல்லை. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றினேன். என் திட்டம் இது: திருப்பதியில் அக்கா வீட்டில் சைக்கிளைத் திரும்பப் பொருத்தி, சித்தூர் வரை ஓட்டிக்கொண்டு போய், அதே கறுப்புக் கால்சட்டையில், தெருவே பார்க்க, நைனா வாசலில் இறங்க வேண்டும். போன பருவு இதுதான், நல்லா பாத்துக்கோ என்று சொல்ல வேண்டும். நேர் வழியில் போனால் எழுபதுதான் வரும். அது என் கோபத்துக்குப் போதவில்லை. வடமாலபேட்டை, புத்தூர், கார்வேட்டிநகரம், கங்காதர நெல்லூர் என்று சுற்றிப் போனால் நூறு.

சித்தூரில் இறங்கி அவரைக் கேட்கும் வரை எதையும் அக்காவிடம் பேசுவதில்லை என்று வைராக்கியம். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டவுடன் களைப்பு என்று படுத்துவிட்டேன். காலையில் அவள் வாசலில் நின்று, "தம்பி, நைனாவ பாத்ததும் எதுவும் சத்தம் போடாத, அவரு இப்போ..." என்று ஆரம்பித்தாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

வடமாலபேட்டைக்குள் நுழையும்போதே விமர்சனம் ஆரம்பித்துவிட்டது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் என் பக்கத்திலேயே ஓட்டி, "ஏமண்ணா, பைக்கு லேதா?" என்றார், பைக் இல்லையா என்று. புத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இளநீர் குடித்தபோது ஒரு பெண்மணி என்னை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்து, "பாபம் சைக்கிலு" என்று பரிதாபப்பட்டாள். நெதர்லாந்தில் கருணை, இங்கே நேர்முக வர்ணனை. எது மேல் என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். கார்வேட்டிநகரம் தாண்டி வருகிற மேடுகளில் நடப்பவர் வேகத்தில்தான் ஏறினேன். கல் லாரிகள் தோளை உரசிக்கொண்டு போயின. தொடை எரிந்தது. கண்ணில் வியர்வை. இந்த உடம்பு, இந்தச் சாலை, இந்த ஜனம் எல்லாவற்றின் மீதும் எனக்கு வெறுப்பு தட்டிப்போயிற்று.

கங்காதர நெல்லூருக்கு முன்னால் பின்சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம். கம்பி அறுந்துவிட்டது. சக்கரம் கோணி, பிரேக்கில் இடித்துக்கொண்டு சுற்றியது. நல்ல வேளையாக, பல்சக்கரத்தைக் கழற்றாமல் மாற்றக்கூடிய இடப்பக்கக் கம்பி. மாற்றுக் கம்பி இரண்டை எப்போதும் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பேன். தள்ளிக்கொண்டே போனேன். ஊர் முனையில் ஒரு சைக்கிள் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க கடைக்காரர் கம்பியைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றி விட்டுப் பெண்டு எடுத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பி மேல தப்பு இல்ல சார். பருவு தாங்கல."

"எது?"

"பருவு சார். வெயிட்டு."

தெலுங்கில் இரண்டு சொல் இருக்கிறது. முதல் எழுத்து மட்டும்தான் வேறு. 'பால்' என்பதில் வரும் ப போட்டுச் சொன்னால் மானம். 'பஸ்' என்பதில் வரும் ப போட்டுச் சொன்னால் எடை. வாயால் சொன்னால் காது பிரித்துக்கொள்ளும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஒரே ப, ஒரே பருவு.

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முப்பது வருஷம் லாரி எடை பார்த்தவரின் மகன் நான். அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பருவு எந்தா?" என்று எடை கேட்டுக் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவன். என்னமோ, என் எடையைப் பற்றி இன்னொருவன் பேசுகிறானே என்ற எரிச்சல்தான் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

7

இரண்டு மணிக்குச் சித்தூரில் எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். நினைத்த மாதிரியே நாலு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். வாசலில் யாரோ ஒரு முதியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை பெரியது. உள்ளே ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. நைனாவைத் தேடி யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "அவர் உள்ள இருக்காரா?" என்று கேட்கப் போனேன். வாயைத் திறந்தபோதுதான் அந்தச் சட்டையை அடையாளம் தெரிந்தது. நான் அனுப்பிய சட்டை. ஐந்து எக்ஸ் போட்ட அளவு.

நைனா எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார். ஹேண்டிலைப் பிடித்து லேசாகத் தூக்கினார்.

"வண்டி எவ்ளோ பருவுடா?"

'பஸ்' ப.

ஒன்பது விரலைக் காட்டி, "ஒம்பது கிலோ" என்றேன்.

"அவ்ளோதானா. உன்ன தூக்கினு வந்துட்சே." பிறகு இரண்டு கையையும் விரித்து, சட்டையைப் பிடித்துத் தொளதொளவென்று ஆட்டிக் காட்டினார். "நான்தான் அப்பவே எழுதினேனே, பருவு போச்சுன்னு. எட்டு மாசம் கழிச்சி வந்து பாக்குற."

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் ஓட்டி வந்த களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனார். குடும்ப வாட்ஸப் குழுவிலேயே அவர் இல்லை என்று அன்று மாலை அக்கா போனில் சொன்னாள். அந்தப் போட்டோவை அவர் பார்த்ததே இல்லை.

8

ஆஸ்பத்திரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்த ஜூனுக்குச் சில மாதம் முன்னால், நான் சைக்கிளில் இவ்வளவு தூரம் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து நைனாவும் காலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். வேபிரிட்ஜ் வரை போவார், பழைய ஆட்களோடு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். நாலு மாதத்தில் இருபது கிலோ இறங்கியது. நடையால் என்று நினைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குத் தோன்றிய ஆள் நான் ஒருவன்தான். கனம் என்றால் என்னவென்று தெரிந்தவன் வீட்டில் நான்தானே.

இருபது கிலோ நாலு மாதத்தில் நடையால் போகாது. பத்து வருஷமாக வாரம் இருநூறு கிலோமீட்டர் மிதித்தும் எனக்கு ஆறு கிலோகூட ஒழுங்காகப் போனதில்லை. இந்த உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் அது. "எத்தன கிலோ நைனா?" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே அவரை டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். திருப்பதியில் பார்த்த டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, கணையம் என்றார், ஏழெட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த மகனின் உருவத்தைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் குறைக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த எட்டு மாதமும் ஊர் என்ன செய்தது தெரியுமா? பாராட்டியது. "சூப்பரா ஆயிட்டீங்க சார்" என்று கைகுலுக்கியது. எதிர்வீட்டு அம்மாள் என்ன டயட் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாளாம். நகரி மாமா, "இப்பதான் மனுஷன் மாதிரி கீற" என்றாராம். செத்துக்கொண்டிருந்த ஆளை ஆள் ஆளுக்குத் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மே மாதம் பாடையைத் தூக்கும்போதுகூட, முன்னால் தோள் கொடுத்த ஒருவர், "லேசாத்தான் கீறாரு" என்று ஆறுதலாகச் சொன்னார். ஒல்லியாக இருந்தால் போதும், எதனால் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர்களாவது அவரைப் பார்க்கப் போனார்கள்.

9

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், அதாவது நான் சித்தூருக்கு வந்த மறுநாள் காலை, நைனா என்னை வேபிரிட்ஜுக்கு அழைத்துப் போனார். சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். மாங்காய் சீசன் இல்லை. கல் லாரி ஒன்று இறங்கிப் போனதும் மேடை காலியாக நின்றது. அறைக்குள் இருந்த ஆபரேட்டர் நைனாவைப் பார்த்ததும், "ரண்டி சார்" என்று வரவேற்று எழுந்து நின்றார்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. இருந்தாலும் அவருக்கு அதில் நம்பிக்கை வந்திருக்காது. இந்த மேடையின் நடுவில் வந்து நின்றுதான் தன் எடையை மாதாமாதம் பார்த்திருக்கிறார். லாரி ஏறுகிற மேடை என்பதால் அது ஒன்று இரண்டு என்று காட்டாது. பத்துப் பத்தாகத்தான் காட்டும். நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூறு. தொண்ணூறு வந்த அன்றைக்குத்தான் எனக்கு எழுதியிருக்கிறார்.

"மொதல்ல நீ ஏறு" என்றார். ஏறினேன். சிவப்பு எழுத்தில் 120 என்று வந்தது. எனக்கு இரண்டு கிலோ அதிகம் போட்டிருக்கிறது என்று வழக்கம்போல எரிச்சல் வந்தது.

"நம்ம வீட்டு பருவெல்லாம் உன்கிட்ட வந்துட்சி" என்று நைனா சிரித்தார்.

பிறகு அவர் ஏறினார். அந்த நீளமான இரும்பு மேடையின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். 70 வந்தது. போன மாதம் எண்பது காட்டியது என்று ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார். நைனாவுக்குக் காது கேட்கவில்லை, ஆனால் ஜன்னல் வழியாக எண்ணைப் பார்த்துவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திரையில் என் செய்தி இருந்தது.

'உன் பருவ நீயே பத்திரமா வச்சிக்கோ.'

"சார் இத எங்க எல்லாருக்கும் காட்டினாரு" என்றார் ஆபரேட்டர். "அவ்ளோ தூரத்துல இருந்து பையன் பயந்துக்கினு எழுதியிருக்கான், இதுக்கு மேல எடைய எறக்காத, பத்திரமா வச்சிக்கோன்னு. அப்டினு சொல்லிக்கினே இருந்தாரு."

நான் எழுதியது அது இல்லை நைனா, அது வேற பருவு, நான் எழுதினது பால் ப என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் காதுக்கு எட்ட வேண்டுமென்றால் அதை நான் கத்திச் சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னால் அடுத்த லாரி வந்து ஹாரன் அடித்தது.

நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். தப்பு செய்துவிட்டு ஒப்புக்கொள்கிற மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ எழுதினதுல இருந்து மூணு வேளையும் துன்னுக்கினுதான்டா கீறேன். நடக்கிறதக்கூட விட்டுட்டேன். நீ சொன்ன மாதிரி வச்சிக்கலாம்னுதான் பாத்தேன். நிக்கல."